காப்பி விளக்கு

அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கும் தெருக்களில் எந்தச் சமையலறைக்குள் நுழைந்தாலும், மிக்ஸிக்கும் மைக்ரோவேவுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு மரப்பெட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். முகப்பில் ஒரு வெள்ளைத் தகடு, அதன் கீழே ஒரு பொத்தான், அவ்வளவுதான். சாயங்காலம் ஆறு, ஆறரை வாக்கில் அந்தத் தகடு மஞ்சளாக ஒளிரும். வீட்டில் யாராவது போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வெங்காயம் நறுக்குவார்கள். அதற்குப் பெயர் காப்பி விளக்கு. அதைச் செய்தவள் வான்மதி. அந்த விளக்கைப் பற்றி யாராவது நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால், அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். தலைக்கனம் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

வான்மதிக்கு நாற்பத்தேழு வயது. ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில், குழாய்களின் அழுத்தமும் சூடும் காட்டும் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. பகலெல்லாம் கருவிகளோடு மாரடித்துவிட்டு வருகிறவள், வீட்டில் சும்மா இருப்பாளா என்றால் இல்லை. காரை வெளியே நிறுத்திவிட்டு, கராஜுக்குள் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிடுவாள். தபால்காரர் வந்துபோனால் கூவுகிற பெட்டி, குக்கர் விசிலை எண்ணுகிற கருவி, செடிக்குத் தாகமெடுத்தால் கண் சிமிட்டுகிற குச்சி என்று ஒரு அலமாரி நிறைய இருந்தது. பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. "மத்த வீட்டுல பொம்பளைங்க ஷாப்பிங் போறாங்க, நம்ம வீட்டுல ஈயம் உருக்கறாங்க" என்பான் கணவன் ஸ்ரீநிவாஸ்.

அவள் ஒரே பெண். அம்மா போனபிறகு அப்பா நஞ்சப்பன் கோபிசெட்டிபாளையத்தில் தனியாக இருந்தார். முப்பத்துநான்கு வருஷம் துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து லாக் புத்தகத்தில் குறிப்பெழுதியே ஆயுளைக் கழித்தவர். ஒரு முறை கேட்டிக்கு வந்து நாலு மாசம் இருந்துபார்த்தார். நடந்து போகிற தூரத்தில் ஒரு பேப்பர் கடை இல்லாத ஊர் என்ன ஊர் என்று கிளம்பிவிட்டார். போனில் பேசினால் காது மந்தம். அவள் கத்த, அவர் ஏன் கத்துகிறாய் என்று கோபிக்க, பேச்சு சண்டையில் முடியும். கேமரா வைக்கலாம் என்றதற்கு, "நானென்ன பேங்க்கு லாக்கரா?" என்று கேட்டுவிட்டார்.

வான்மதிக்குத் தெரியவேண்டியதோ ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு அப்பா எழுந்தாரா?

அவர் தினம் விடிகாலை ஐந்து மணிக்கு இண்டக்‌ஷன் அடுப்பில் காப்பி போடுவார். ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். ஐந்து நிமிஷம் முன்பின் ஆனால் அதிசயம். அந்த அடுப்பின் வயரில் மாட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கருவியை அவள் செய்தாள். அவர் அடுப்பைப் போட்டதும், கேட்டியில் மாலை ஆறரைக்கு, அவள் சமையல் மேடையில் இருக்கும் பெட்டி மஞ்சளாக ஒளிரும். அவள் பொத்தானை அமுக்கினால், அங்கே அவர் அடுப்புக்கு மேலே ஒரு சின்ன பல்ப் எரியும். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். பேச்சில்லை, சண்டையில்லை.

ஊருக்குப் போனபோது கொண்டுபோய் மாட்டினாள். நஞ்சப்பன் முதல் வேலையாக ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதைத் திறந்தார்.

"எர்த் எங்க அம்மிணி?"

"அஞ்சு வோல்ட்டுக்கு எர்த் எதுக்குங்கப்பா?"

"செரி. அந்த பல்ப்ப ஏன் பச்சையா வெச்சிருக்கற? சப்ஸ்டேஷன்ல பச்சைன்னா லைன் ஆஃப்ல இருக்குதுன்னு அர்த்தம். செவப்புதான் உசுரோட இருக்குதுன்னு. செவப்பு போடு."

சிவப்பு போட்டாள். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சால்டரிங் சுத்தமா இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது லேசில்லை. வான்மதி அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அந்தப் பெட்டியில் ஓர் அலாரமும் வைத்திருந்தாள். ஐந்தரைக்குள் அடுப்பு எரியாவிட்டால் கத்தும். முதல் வாரத்திலேயே கோபியில் இரண்டு முறை கரண்ட் போனது. இவள் பதறி அடித்துப் பக்கத்து வீட்டு ராமசுப்ரமணியன் சாரை எழுப்பி ஓடவைத்தாள். நஞ்சப்பன் போனில் பொரிந்து தள்ளிவிட்டார். "கரண்ட் போனா நான் செத்துப் போயிட்டேன்னு அர்த்தமா? கத்தற பொட்டி எனக்கு வேண்டாம். நீ பாரு. பாத்தீன்னா போதும்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விளக்கு எரியவில்லை என்றால் அரைமணி பொறுத்து ஒரு போன் போட்டால் போயிற்று. அலாரத்தைக் கழற்றினாள். பார்ப்பது மனுஷியின் வேலை என்று முடிவாயிற்று.

அப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. ஆறரைக்கு அவள் மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து வருவாள். ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டு ஏழு மணிக்கு வந்தால் செருப்பைக் கழற்றாமல் ஓடுவாள். சில நாள் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஒளிர்ந்த நிமிஷத்தில் அமுக்கிவிட்டு, தானே சிரித்துக்கொள்வாள். அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் அதற்கு முன்பு அவ்வளவு நெருக்கம் இருந்ததில்லை.

ஊரார் கண்ணில் அது படாமல் இருக்குமா? முதலில் கேட்டவள் ஷரீபா. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். அவளுடைய உம்மா கீழக்கரையில் தனியாக இருந்தார். "அக்கா, எங்க உம்மா காப்பியே குடிக்க மாட்டாங்க. ஆனா சுபுஹு தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய மோட்டார் போடுவாங்க. மோட்டார்ல மாட்ட முடியுமா?" மாட்ட முடிந்தது. அடுத்து அதே தெருவில் இருந்த சுந்தரராமன் அங்கிளின் அண்ணன், மயிலாப்பூரில். அவருக்குக் காலை டிவியில் பக்திப் பாட்டு. இன்னொருவரின் அம்மாவுக்கு மிக்ஸி. யாருக்கு எதில் பொழுது விடிகிறதோ, அதில் மாட்டினார்கள்.

ஷரீபாவின் கணவர் சேக் தாவூத் சமையலறை அலமாரிகள் செய்துகொடுக்கும் கடை வைத்திருந்தார். கடையில் மிஞ்சிய மரத்துண்டுகள் பெட்டிகளாயின. சனிக்கிழமை மத்தியானம் குடியிருப்புக்குப் பொதுவான கிளப்ஹவுஸில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். சால்டரிங் தெரிந்தவர் பாதி, தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டவர் பாதி. சுந்தரராமன் அங்கிள், வயதானவர்கள் படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில் செய்முறைத் தாள் எழுதினார். ஆலன் என்கிற ஊரில் இருந்த இளமாறன் ஆர்டர் வாங்குவதையும் வாட்ஸப் குழுவையும் பார்த்துக்கொண்டான். ஷரீபாவும் வான்மதியும் சேர்ந்து கம்பெனியாகப் பதிவும் செய்துவிட்டார்கள்.

ஊரில் கொண்டுபோய் மாட்டுவது யார்? அதற்குத்தான் நம் ஆட்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டே. யார் ஊருக்குக் கிளம்பினாலும் பெட்டியில் அடுத்தவர் சாமான் நாலு ஏறும். திரும்பும்போது அடுத்தவர் ஊறுகாய் நாலு இறங்கும். அந்த வழக்கத்தில் இதையும் ஏற்றினார்கள். திருச்சிக்குப் போகிறவர் திருச்சியைச் சுற்றி மூன்று வீட்டில் மாட்டவேண்டும் என்பது விதி. மாட்டப் போனவருக்கு அந்த வீடுகளில் சாப்பாடு நிச்சயம். திரும்பி வந்து, "உங்கம்மா இளைச்சிருக்காங்க, ஆனா நல்லா இருக்காங்க" என்று சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பலர் விளக்கு வாங்கினார்கள் என்பது என் கணிப்பு. இரண்டு வருஷத்தில் நூற்றைம்பது வீடு ஆயிற்று.

வீடு பெருகினால் குறையும் பெருகும்தானே. ஒரு சனிக்கிழமை இளமாறன் ஆலனிலிருந்து நாலு மணி நேரம் டிரைவ் பண்ணி வந்து எழுந்து நின்றான்.

"அக்கா, எங்கம்மா பாக்கறவங்ககிட்ட எல்லாம் 'எம்புள்ள இன்னிக்கி அமுக்கல'ன்னு அழறாங்க. ஆறரைக்கு எனக்கு டெய்லி கால். இல்லைன்னா பையனுக்கு சாக்கர் ப்ராக்டிஸ். ஆட்டோ ரிப்ளை போட்டா என்ன? இங்க லைட் எரிஞ்ச உடனே அங்க பல்ப் தானா எரியட்டும். அம்மாவும் ஹேப்பி, நாமளும் ஃப்ரீ."

"அப்ப பாக்கறது யாரு?" என்றாள் வான்மதி.

"டைம் கிடைக்கறப்ப நாம பாத்துக்கலாம்க்கா. யாரும் பாக்காமயா இருந்துடப் போறோம்?"

"பாக்காமயே பாத்துட்டேன்னு சொல்றது பொய் இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பல்ப் எப்படி அக்கா பொய் சொல்லும் என்றார்கள். குழுவில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஆட்டோ வேண்டும் என்று தொண்ணூற்று இரண்டு பேர், வேண்டாம் என்று பதினொரு பேர். ஷரீபாகூட, "நானும் ஆட்டோக்குத்தான் போட்டேன்க்கா, கோச்சுக்காதீங்க. அந்த நேரத்துக்குத்தான் பிள்ளைகள குர்ஆன் கிளாஸ்லேர்ந்து பிக்கப் பண்ணணும்" என்றாள்.

ஊர் கூடி நடத்துகிற தொழில். ஊர் சொன்னதைத் தட்ட முடியாது. சரி, முதலில் என் வீட்டில் ஒரு வாரம் போட்டுப் பார்க்கிறேன் என்றாள் வான்மதி. ஜூன் மாதம் பதினேழாம் தேதி தன் பெட்டியில் ஆட்டோ போட்டாள். கச்சிதமாக வேலை செய்தது, மற்ற வீடுகளுக்கும் போட்டுக்கொடுத்தாள். அந்த ஒரு வாரம் மூன்று மாதமாயிற்று.

முதல் சில நாட்கள் ஆறரைக்குக் கால் தானாகச் சமையலறைக்குப் போனது. பிறகு போகவில்லை. நவராத்திரிக்குள் அறுபது பெட்டி அனுப்பவேண்டும் என்று கராஜிலேயே கிடந்தாள். மற்றவர்களின் அப்பா அம்மாவுக்காக விளக்குச் செய்கிற மும்முரத்தில் தன் விளக்கைப் பார்க்க நேரமில்லை. இதைப் படிக்கிறவர்கள் அவளை எளிதாகக் குறை சொல்லலாம். ஆட்டோவுக்கு ஓட்டுப் போட்ட தொண்ணூற்று இரண்டு பேரும் அவளைவிட மோசமாகப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நடுவில், ஜூன் கடைசியில், நஞ்சப்பன் தானாகவே ஒரு நாள் போன் செய்தார். அவர் அழைப்பது அபூர்வம்.

"அம்மிணி, ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்கறயா?"

"தூங்கறேனுங்கப்பா. ஏனுங்க?"

"மூணு மணி, நாலு மணிக்கெல்லாம் எந்திரிக்கறது கிந்திரிக்கறது இல்லையே?"

"இல்லைங்கப்பா. பத்தரைக்குப் படுத்தா ஆறு மணிக்குத்தான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் கேட்டேன். தூங்கோணும். தூங்குனாத்தான் ஒடம்பு" என்று வைத்துவிட்டார். வயதானவர்கள் கேட்பது போலத்தான் இருந்தது. அவள் அதை மறந்தும் போனாள்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. வான்மதியும் ஷரீபாவும் கராஜில் வேலையாக இருந்தார்கள். வான்மதியின் மகள் யாமினி, பதினைந்து வயது, தாத்தாவை அப்புச்சி என்று கூப்பிடுகிறவள், கராஜ் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். அவளுக்கு ஆறரைக்குத் கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்தோடு சமையல் மேடையில் உட்காரும் வழக்கம் உண்டு.

"அம்மா, அப்புச்சிஸ் லைட் டிட்ன்ட் கம் ஆன்."

வான்மதி சால்டரிங் அயர்னிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆட்டோல போட்டிருக்கேன் கண்ணு. அது பாத்துக்கும்."

யாமினி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஆட்டோ பார்க்காது. ஆட்டோ பதில் மட்டும்தான் சொல்லும். அங்கிருந்து எதுவும் வராவிட்டால் அதற்குச் சொல்வதற்கே ஒன்றுமில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அதைச் செய்தவளுக்குத் தெரியும். தெரிந்தவள் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது. அவளே பிறகு ஷரீபாவிடம் சொன்னாள்: "அந்த நாலு வார்த்தைய நான்தான் சொன்னேனா ஷரீபா? நீ பக்கத்துல இருந்தியே, நான்தானே சொன்னேன்?"

சனிக்கிழமையும் விளக்கு எரியவில்லை. அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. யாமினி தோழி வீட்டில் இருந்தாள்.

ஞாயிறு காலை ஏழரைக்கு ராமசுப்ரமணியன் சாரின் போன் வந்தது. அவர் வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்குத் திருப்பூர் போயிருந்தார். ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், நஞ்சப்பன் வீட்டுக் கேட்டில் மாட்டியிருந்த பையில் இரண்டு நாள் பால் பாக்கெட் இருந்தது. நேற்றைய பாக்கெட்டின் மேலேயே இன்றையதையும் போட்டுவிட்டுப் பால்காரன் போயிருந்தான். கதவை உடைத்தார்கள். குளியலறை வாசலில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. சனிக்கிழமை விடியும் முன்பு விழுந்திருக்கிறார். அன்று இரவுவரைக்கும் உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதை ராமசுப்ரமணியன் சார் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் உண்மை பேசுகிற மனிதர்.

கணக்குப் போட அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இங்கே வெள்ளி சாயங்காலம் ஆறரை என்றால் கோபியில் சனி விடிகாலை ஐந்து. யாமினி கராஜ் கதவைத் திறந்தபோது அப்பா உயிரோடு இருந்தார்.

விமானத்தில் இருபத்து மூன்று மணி நேரம். ஐஸ் பெட்டியில் இருந்த அப்பாவைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கொள்ளியை அவளே வைத்தாள். யாரும் குறுக்கே பேசவில்லை. வந்தவர்களெல்லாம், "தெனமும் உன்ற வெளக்கப் பத்தித்தான் பேசுவாரு அம்மிணி, எம்புள்ள அமெரிக்காவுல இருந்து பாத்துக்கிட்டே இருக்கான்னு" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள்.

காரியம் முடிந்து வீட்டை ஒதுங்கவைக்கும்போது, அடுப்பு மேடையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒரு நீள நோட்டு இருந்தது. மின்வாரியத்தில் வைத்திருப்பது போலவே கோடு போட்டு, மூன்று கட்டம் பிரித்திருந்தார். தலைப்பு: நான். அம்மிணி. குறிப்பு.

அடுப்பு போட்ட நேரம், பல்ப் எரிந்த நேரம். விளக்கு மாட்டிய மறுநாளிலிருந்து ஒரு நாள் விடாமல் இருந்தது. முதல் நாளுக்கு எதிரே, 'பல்ப் எரிந்த பிறகு குடித்தேன்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒவ்வொரு நாளும் 'அதே' என்று போட்டிருந்தார். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, அவர் காப்பியை டம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

5.02 – 5.09. 5.00 – 5.34, அம்மிணி கார்ல இருக்கும், காப்பி ஆறிப்போச்சு. 5.03 – 5.03, பக்கத்துலயே நின்னுட்டு இருந்திருக்குது.

பக்கத்தைப் புரட்டினாள். ஜூன் பதினெட்டு. 5.01 – 5.01. பத்தொன்பது. 5.00 – 5.00. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு, இரண்டு கட்டத்திலும் ஒரே நேரம். ஐந்தாவது நாள் குறிப்பில் ஒரு கேள்விக்குறி மட்டும். முப்பத்துநான்கு வருஷம் மீட்டர் பார்த்தவரை ஒரு பல்ப் எத்தனை நாள் ஏமாற்றும்?

ஜூன் இருபத்தெட்டில் இரண்டு வரி இருந்தது. காலையில் வழக்கமான வரி. அடுத்து, பகல் 2.10 – 2.10. எதிரே, அவருடைய சின்ன, நேரான கையெழுத்தில்:

'சோதனை. அங்கே ராத்திரி 3.40. அம்மிணி தூங்குது, கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆள் இல்லாமல் தானாக எரிகிறது. லைனில் பழுது இல்லை.'

மறுநாளிலிருந்து இரண்டாவது கட்டத்தில் அவர் எதுவும் எழுதவில்லை. முதல் கட்டம் மட்டும் இருந்தது. 5.01. 5.00. 5.02. செப்டம்பரில் அந்த வெள்ளிக்கிழமை காலைவரை ஒரு நாள் தவறவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தபிறகும், இரண்டரை மாசம், அவர் ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் அம்மிணி இப்படிப் பண்ணிட்ட என்று ஒரு திட்டுத் திட்டியிருந்தால் அவள் ஓடிப்போய் அந்த ஆட்டோவைப் பிடுங்கி எறிந்திருப்பாள். பெண்ணுக்கு வேலை ஜாஸ்தி என்று விட்டுவிட்டார். வான்மதி அடுப்பு மேடையில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். பக்கத்து வீட்டில் கேட்கும்படி அழுதாள்.

கேட்டிக்குத் திரும்பியதும் யாமினி அவளை ஏர்போர்ட்டில் கட்டிக்கொண்டாள். "ஐ ஷுட் ஹாவ் கால்ட் ஹிம், அம்மா. ஐ சா இட்."

"நீ பாத்த கண்ணு. நீ வந்து சொன்ன. நான்தான் பாக்கல" என்றாள் வான்மதி. ஸ்ரீநிவாஸ்தான் இருவரையும் காரில் ஏற்றினான்.

அடுத்த சனிக்கிழமை கிளப்ஹவுஸுக்கு நோட்டோடு போனாள். ஆளாளுக்குத் துக்கம் சொல்ல வந்தார்கள். அவள் யாரையும் சொல்லவிடவில்லை. நோட்டைப் பிரித்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, "எல்லா வீட்டுலயும் ஆட்டோவ எடுக்கறேன். இதுக்கு ஓட்டு கிடையாது" என்றாள்.

இளமாறன் கண் கலங்கித்தான் பேசினான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு அலாரம் சேர்த்துட்டா இந்தப் பிரச்சனையே வராது இல்லையா? லைட் எரியலைன்னா போனுக்கு மெசேஜ் வரட்டும். ஆட்டோவும் இருக்கட்டும்."

"சேக்கலாம் தம்பி. வேணும்ங்கறவங்களுக்குச் சேத்துத் தரேன். எங்கப்பா திட்டுனாருன்னு எடுத்திருக்கக் கூடாது, அதுவும் என் தப்புதான். ஆனா அலாரம் அப்பா விழுந்தா சொல்லும். விழாத நாள்ல என்ன சொல்லும்? எண்பது நாள் அவரு விழாமதான் இருந்தாரு. அந்த எண்பது நாளும் நான் பாக்கல."

ஷரீபா மட்டும் எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிவந்த கண்ணோடு வந்தாள். கீழக்கரையில் அப்போது ராத்திரி. தூங்கிக்கொண்டிருந்த உம்மாவை எழுப்பி, ஒன்றுமில்லாத விஷயத்தை எல்லாம் பேசிவிட்டு வந்திருக்கிறாள்.

ஆட்டோ போனதும் நாற்பது வீட்டுக்காரர்கள் விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அமுக்க நேரமில்லை என்று காரணம் சொன்னார்கள். மிச்சம் இருந்தவர்களோடு தொழில் இன்றைக்கும் நடக்கிறது. ஷரீபாதான் பார்த்துக்கொள்கிறாள். அலாரம் வைத்த புதுப் பெட்டியை வான்மதி செய்துகொடுத்தாள், சனிக்கிழமை தவறாமல் போகிறாள், சால்டரிங் செய்கிறாள், செய்முறைத் தாளைச் சுந்தரராமன் அங்கிளோடு உட்கார்ந்து திருத்துகிறாள். பாராட்டு மட்டும் அவளுக்கு ஆகாது.

கோபி வீட்டைப் பூட்டிவிட்டு வரும்போது ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வருவதுதான் முறை. மின்வாரியக்காரர் மகளுக்கு அது தெரியாதா? பிடுங்கவில்லை. பெட்டிக்கு இணைப்பு, முன்பு போலவே, ராமசுப்ரமணியன் சார் வீட்டு வைஃபையிலிருந்து போகிறது. எடுத்துவிடட்டுமா என்று அவர் ஒரு தரம் கேட்டார். இருக்கட்டுங்க சார் என்றாள்.

தினம் சாயங்காலம் ஆறரைக்கு அவள் சமையல் மேடைக்கு வருகிறாள். பெட்டி ஒளிர்வதில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்குகிறாள். பூட்டிய வீட்டில், அணைந்த அடுப்புக்கு மேலே, சிவப்பு பல்ப் எரியும். பிறகு நோட்டை எடுத்து, முதல் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டாவதில் கோபி நேரத்தை எழுதுகிறாள். நேற்று அவள் எழுதியது 5.04.